'பிழை' என்று பெயர் வைத்த வரிசை

பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் புள்ளியியல் சோதனைக்கு அனோவா என்று பெயர். அதன் அட்டவணை ரொம்பச் சின்னது. மூன்றே வரிசைதான். குழுக்களுக்கு இடையே உள்ள வேறுபாடு முதல் வரிசை. குழுக்களுக்கு உள்ளே உள்ள வேறுபாடு இரண்டாவது. மூன்றாவது, இரண்டையும் கூட்டிய மொத்தம். ஆய்வேட்டில் இந்த அட்டவணையைச் சேர்ப்பவர்கள் எல்லாருடைய கண்ணும் நேராக முதல் வரிசையின் கடைசிக்குத்தான் போகும். உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது வரிசையை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. பாடநூல்கள் பலவற்றில் அதற்குப் பெயரே 'பிழை'.

முதியோரின் மனச்சோர்வைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களுக்குப் பல வருடங்களாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். செவிலியம், உளவியல், சமூகப்பணி என்று பல துறைகளிலிருந்து வருவார்கள். தலைப்பு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். துணையோடு வாழ்பவர்கள், பிள்ளைகளோடு வாழ்பவர்கள், தனியாக வாழ்பவர்கள் என்று மூன்று குழு. ஒவ்வொருவருக்கும் ஒரு மனச்சோர்வு மதிப்பெண். "மேடம், அனோவா போட்டுக் குடுங்க" என்பார்கள். நானும் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அட்டவணை வந்ததும் நான் முதலில் படிப்பது அந்த இரண்டாவது வரிசையை. அதற்குக் காரணம் பாதி கணக்கு, பாதி என் அம்மா.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று குழு இருந்தால், இரண்டிரண்டாக எடுத்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையை மூன்று தடவை செய்தால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு சோதனையிலும், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும் ஆபத்து 5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறோம். மூன்று சோதனை செய்தால், அவற்றில் ஒன்றாவது அப்படித் தவறாகச் சொல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம் ஆகிவிடும். ஐந்து குழு என்றால் பத்து ஜோடி, வாய்ப்பு 40 சதவீதத்தைத் தொடும். அதாவது, நிறைய கேட்டுக்கொண்டே போனால் ஏதாவது ஒரு இடத்தில் 'ஆமாம்' என்று பதில் வந்துவிடும். அனோவா இந்தக் கேள்விகளை எல்லாம் ஒரே கேள்வியாக்கிவிடுகிறது: இந்தக் குழுக்களின் சராசரிகள் எல்லாம் ஒன்றுதானா, இல்லை ஒன்றாவது விலகி நிற்கிறதா?

அனோவா என்பதன் விரிவு 'மாறுபாட்டுப் பகுப்பாய்வு'. சராசரிகளைப் பற்றிய கேள்விக்கு ஏன் அந்தப் பெயர்? மாணவர்கள் திணறுவது இங்கேதான். சூத்திரத்தைக் காட்டினால் இன்னும் குழம்பிப்போகிறார்கள். அதனால் நான் எப்போதும் ஒரு தாளில் பதினைந்து எண்களை எழுதிக் காட்டுவேன். கணக்கு புரிவதற்காக நானே போட்ட எண்கள்தான், யாரிடமும் வாங்கியவை அல்ல. 15 மதிப்பெண்ணுக்கு ஒரு அளவுகோல், குழுவுக்கு ஐந்து பேர்.

துணையோடு இருப்பவர்கள்: 2, 3, 3, 3, 4. பிள்ளைகளோடு: 4, 5, 5, 5, 6. தனியாக: 6, 7, 7, 7, 8. சராசரிகள் 3, 5, 7. மொத்தச் சராசரி 5.

ஒவ்வொரு குழுச் சராசரியும் மொத்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கமாக்கி, ஆள் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 40. குழுக்களுக்கு இடையே உள்ள வர்க்கக் கூடுதல் இது. ஒவ்வொருவரும் தன் குழுச் சராசரியிலிருந்து விலகுவதை அதே மாதிரி வர்க்கமாக்கிக் கூட்டினால் வெறும் 6. முதலாவதை 2 ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் மூன்று குழுவுக்குக் கட்டின்மைக் கூறு, அதாவது சுதந்திரமாக மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை, இரண்டு. இரண்டாவதை 12 ஆல் வகுக்க வேண்டும், பதினைந்து பேரில் மூன்று குழுவைக் கழித்தால் 12. 20, 0.5. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 40. இதுதான் எஃப் மதிப்பு. இத்தனை குழுவுக்கும் இத்தனை பேருக்கும், வேறுபாடு இருக்கிறது என்று சொல்ல 3.89 என்ற எல்லையைத் தாண்டினாலே போதும். 40 என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இப்போது அதே தாளில் கீழே இன்னொரு பதினைந்து எண்கள். துணையோடு: 0, 1, 2, 4, 8. பிள்ளைகளோடு: 1, 2, 5, 6, 11. தனியாக: 2, 4, 6, 10, 13.

சராசரிகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதே 3, 5, 7. குழுக்களுக்கு இடையே அதே 40. ஆனால் உள்ளே உள்ள வர்க்கக் கூடுதல் 6 இல்லை, 182. எஃப் மதிப்பு 1.3 சொச்சம். எல்லையை எட்டவே இல்லை.

இதைக் காட்டும்போது மாணவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சராசரி ஒரு துளிகூட மாறவில்லை, முடிவு தலைகீழாகிவிட்டது. மாற்றியது யார்? அந்த இரண்டாவது வரிசை. குழுக்களுக்கு இடையே உள்ள தூரம் பெரியதா சிறியதா என்பதைத் தனியாகச் சொல்லவே முடியாது. ஒரு குழுவுக்குள் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதை அளவுகோலாக வைத்துத்தான் சொல்ல முடியும். அதனால்தான் சராசரிகளை ஒப்பிடும் சோதனைக்கு மாறுபாட்டின் பெயர்.

இந்த எண்ணம் வயலிலிருந்து வந்தது. மாறுபாட்டைக் குறிக்கும் 'வேரியன்ஸ்' என்ற சொல்லைப் புள்ளியியலுக்குக் கொண்டுவந்தவர் ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர், 1918 இல். அடுத்த வருடம் அவர் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1843 இலிருந்து உரச் சோதனைகள் நடந்துவந்த இடம் அது. மலையாகக் குவிந்திருந்த விளைச்சல் கணக்குகளிலிருந்து உரத்தால் வந்தது எவ்வளவு, மண்ணாலும் மழையாலும் வந்தது எவ்வளவு என்று பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1923 இல் வினிஃப்ரெட் மெக்கென்சியுடன் சேர்ந்து உருளைக்கிழங்கு ரகங்களைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்த அட்டவணை முதன்முதலாக அச்சில் வந்தது. அந்த முதல் தடவையிலேயே எதை எந்தப் பிழையால் வகுக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சறுக்கிவிட்டது. 1925 இல் வந்த தன் நூலில் அதைச் சரிசெய்தார். இரண்டாவது வரிசையில் ஃபிஷருக்கே கால் தடுக்கியிருக்கிறது என்றால், நாம் அங்கே கொஞ்சம் நின்று பார்ப்பதில் தப்பில்லை. எஃப் என்ற எழுத்து அவர் வைத்ததல்ல. அவருடைய பெயரின் முதலெழுத்தை 1934 இல் ஜார்ஜ் ஸ்னெடெகோர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் மரியாதையாகச் சூட்டினார்.

'பிழை' என்ற பெயர் ஃபிஷருக்கும் முந்தியது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் போன்றவர்கள் வானியல் அளவீடுகளுக்காக உருவாக்கிய கோட்பாட்டின் மொழி அது. ஒரு கோளின் இடத்தைப் பத்து தடவை அளந்தால் பத்து விடை வரும். கோள் இருப்பது ஒரே இடத்தில்தான், ஆகவே மிச்சமெல்லாம் கருவியின், கண்ணின் பிழை. அங்கே அந்தச் சொல் சரிதான். வயலில்கூட ஓரளவு பொருந்தும். ஆனால் தனியாக வாழும் ஒருவருக்கு 2 மதிப்பெண், தனியாக வாழும் இன்னொருவருக்கு 13 மதிப்பெண் என்றால், நடுவில் இருக்கும் 11 யாருடைய பிழை?

அம்மா கதைக்கு வருகிறேன்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தார். அந்தச் சமயத்தில் ஒரு மாணவி முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்திருந்தாள். கேள்விகளின் தமிழ் வயதானவர்களுக்குப் புரியுமா என்று சந்தேகம். சரி, வீட்டிலேயே ஒருவர் இருக்கிறாரே என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

இந்த அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யெசவேஜ் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. முதலில் 30 கேள்விகள். 1986 இல் 15 கேள்வி கொண்ட சுருக்க வடிவம் வந்தது. கடந்த ஒரு வாரத்தில் எப்படி உணர்ந்தீர்கள் என்று யோசித்து ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். தூக்கம், பசி, உடல்வலி பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள். வயதான உடம்பில் மனச்சோர்வு இல்லாமலே தூக்கம் குறையும், பசி குறையும். அதையெல்லாம் கேட்டால் நோயையும் முதுமையையும் சோர்வு என்று எண்ணிவிடுவோம். இந்த யோசனையே எனக்கு அளவுகோலின் மீது மரியாதையை உண்டாக்கியது. சுருக்க வடிவத்தில் 5க்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. நோய் இருக்கிறது என்ற தீர்ப்பு அல்ல அது.

பதினைந்தில் பத்து கேள்விக்கு 'ஆம்' என்றால் ஒரு மதிப்பெண். ஐந்து கேள்விக்கு 'இல்லை' என்றால்தான் மதிப்பெண். இந்த ஐந்தைத் திருப்பிப் போட மறந்துவிட்டு, கடைசிவரை கணக்குப் போட்டு, 'வேறுபாடு இல்லை' என்று எழுதிய ஆய்வேட்டை நான் பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சியாக இருப்பவருக்கும் மதிப்பெண், நம்பிக்கையற்றுப் போனவருக்கும் மதிப்பெண். தரவை உள்ளிட்டவுடன் முதல் வேலையாக இதைச் சரிபாருங்கள்.

அம்மா ஒன்பதாவது கேள்விவரை அமைதியாகப் பதில் சொன்னார். வெளியே போய்ப் புதிதாக ஏதாவது செய்வதைவிட வீட்டிலேயே இருக்கத்தான் பிடிக்கிறதா என்பது ஒன்பதாவது கேள்வி.

"பிடிக்கிறதென்ன பிடிக்கிறது? முட்டி வலி. எங்கே போறது?"

"அம்மா, ஆமா இல்லன்னா இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"அப்போ ஆமான்னு போட்டுக்கோ."

ஒரு மதிப்பெண். உடல்வலியை வாசலில் நிறுத்திவைத்த அளவுகோலுக்குள் முட்டி வலி பின்பக்கமாக வந்துவிட்டது. பதினோராவது கேள்வி, இப்போது உயிரோடு இருப்பது அருமையான விஷயம் என்று நினைக்கிறீர்களா. அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கேன் இல்லையா" என்றார். அவ்வளவுதான். நான் திரும்பக் கேட்கவில்லை. அதை ஆம் என்று எழுதுவதா இல்லை என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. 'இல்லை' என்று எழுதினேன்.

கூட்டினால் 7. அப்பா இறந்து ஒரு வருடம் ஆன வாரம் அது. கேள்விகளைப் படிக்கும்போது எனக்கு அது மனதிலேயே இல்லை, அம்மாவுக்கு மட்டும் இருந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை கேட்டேன். 4. அதே வீடு, அதே ஆள், அதே கேள்விகள். முட்டி வலி கொஞ்சம் குறைந்திருந்தது, தங்கையின் குழந்தை வந்து தங்கியிருந்தது.

அன்றைக்குத்தான் இரண்டாவது வரிசையில் என்னவெல்லாம் கலந்து கிடக்கிறது என்று எனக்கு உறைத்தது. கேள்வி சரியாகப் புரியாததும் நான் தப்பாகக் குறித்துக்கொண்டதும் உண்மையிலேயே பிழை. அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம் என்பது பிழை அல்ல, ஆனால் நிலையானதும் அல்ல. இந்த இரண்டையும் கழித்த பிறகும் மிஞ்சுவது அந்த மனிதர். அவர் யாரை இழந்தார், என்ன நோயோடு இருக்கிறார், காது கேட்கிறதா, பேச ஆள் இருக்கிறதா, இளமையில் எப்படி இருந்தார். மூன்றையும் ஒரே எண்ணாக்கி, வகுத்தியில் வைத்துவிடுகிறோம். கணக்குக்கு அது தேவை, நான் மறுக்கவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வகுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நடைமுறையில் இது என்ன மாற்றத்தைக் கொண்டுவரும் என்று கேட்டால், நிறைய.

முதலில், வரைபடம். எண்களைச் சோதனைக்குள் தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு குழுவின் மதிப்பெண்களையும் புள்ளி புள்ளியாக வைத்துப் பாருங்கள். மனச்சோர்வு மதிப்பெண்கள் மணி வடிவில் அழகாக நிற்பது அபூர்வம். பெரும்பாலோர் 1, 2, 3 என்று கீழே கூடி நிற்பார்கள். சிலர் மட்டும் 10, 12 என்று தூரத்தில் தனியாக நிற்பார்கள். குழுக்கள் ஏறக்குறைய ஒரே அளவாகவும் ஓரளவு பெரிதாகவும் இருந்தால் இந்தக் கோணலை அனோவா பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளாதது வேறொன்று: குழுக்களுக்குள் உள்ள பரவல் ஒன்றுக்கொன்று ரொம்ப வேறுபட்டு, குழு அளவும் சமமாக இல்லாமல் இருப்பது. அதிலும் சிறிய குழுவுக்குப் பெரிய பரவல் இருந்தால், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் ஆபத்து 5 சதவீதத்தைவிட வெகுவாக ஏறிவிடும். முதியோர் ஆய்வுகளில் அடிக்கடி நடப்பது இதுவேதான். தனியாக வாழ்பவர்கள் கிடைப்பது கொஞ்சம் பேர், அவர்களுக்குள் வேறுபாடோ மிக அதிகம். தனிமையைத் தானே தேர்ந்தெடுத்து நிம்மதியாக இருப்பவரும் அங்கேதான் இருக்கிறார், கைவிடப்பட்டவரும் அங்கேதான் இருக்கிறார்.

இந்த நிலைமைக்கு வெல்ச் என்ற புள்ளியியலாளர் 1951 இலேயே வழி சொல்லிவிட்டார். பரவல்கள் சமம் என்று எடுத்துக்கொள்ளாத அனோவா அது. மென்பொருளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் வந்துவிடும். நான் இப்போது எடுத்தவுடனேயே அதைத்தான் போடச் சொல்கிறேன். மதிப்பெண்களை வரிசை எண்ணாக்கி ஒப்பிடும் கிரஸ்கல்-வாலிஸ் சோதனையும் 1952 இலிருந்து இருக்கிறது. ஆனால் அது கேட்கும் கேள்வியே வேறு, சராசரிகளைப் பற்றியது அல்ல. அதைப் போட்டுவிட்டு 'சராசரிகள் வேறுபடுகின்றன' என்று எழுதாதீர்கள்.

குழுக்களின் பரவல்கள் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையின் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிட்டால், அதாவது பரவல்கள் சமமில்லை என்று தெரிந்தால், மாணவர்கள் பயந்துபோகிறார்கள், ஏதோ தரவு கெட்டுவிட்டது மாதிரி. என்னைக் கேட்டால் அந்த ஆய்வின் சுவாரசியமான கண்டுபிடிப்பே அதுவாக இருக்கலாம். ஒரு குழுவில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறார்கள், இன்னொரு குழுவில் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றால், அது தன்னளவிலேயே ஒரு செய்தி.

எஃப் எல்லையைத் தாண்டிவிட்டால், எந்தக் குழு எதிலிருந்து விலகுகிறது என்று ஜோடி ஜோடியாக டூக்கி முறையில் பார்க்கலாம், பரவல் சமமில்லை என்றால் கேம்ஸ்-ஹவல் முறையில். இது எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது.

ஆய்வேடுகளில் பெரும்பாலும் காணாமல்போவது விளைவின் அளவு, அதாவது வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது. குழுக்களுக்கு இடையே உள்ள வர்க்கக் கூடுதலை மொத்தத்தால் வகுத்தால் ஈட்டா வர்க்கம். என் தாளின் இரண்டாவது கணக்கில் அது 40 வகுத்தல் 222, அதாவது 0.18. மேலே பார்த்தபடி எஃப் தோற்றுவிட்டது. ஆனால் 0.18 என்பது சின்ன எண் இல்லை. ஜேக்கப் கோஹன் வகுத்த வழக்கப்படி 0.14 இருந்தாலே பெரிய விளைவு. அப்புறம் ஏன் தோற்றது? பதினைந்து பேரை வைத்துக்கொண்டு இவ்வளவு பரவலுக்கு நடுவே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால். 'வேறுபாடு இல்லை' என்பதும் 'வேறுபாடு இருக்கிறதா என்று சொல்லும் அளவுக்கு ஆள் இல்லை' என்பதும் ஒன்றல்ல. நடுத்தர அளவு விளைவை, மூன்று குழுவில், 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க 159 பேர் வேண்டும், குழுவுக்கு 53. குழுவுக்குப் பத்துப் பேரோடு வருகிற மாணவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒரு முதியவரிடம் உட்கார்ந்து பதினைந்து கேள்வி கேட்பது எளிதான வேலை இல்லை. அந்தப் பத்துப் பேருக்கும் அவர்கள் கொடுத்த நேரத்துக்கும் உரிய மரியாதை, எண்ணை முன்கூட்டியே யோசித்துவிட்டுக் கிளம்புவதுதான்.

இன்னொரு விஷயம் வயலுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று ஃபிஷர் சீட்டுக் குலுக்கிப் போடச் சொன்னார். மண்ணின் ஏற்றத்தாழ்வு எல்லா உரத்துக்கும் சமமாகப் பங்காகிவிடும். யாரைத் தனியாக வாழவைப்பது, யாரைத் துணையோடு வாழவைப்பது என்று நாம் சீட்டுக் குலுக்க முடியாது. தனியாக வாழ்பவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், துணையை இழந்தவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். ஆகவே எஃப் எவ்வளவு பெரிதாக வந்தாலும் 'தனியாக வாழ்வதால் மனச்சோர்வு வருகிறது' என்று எழுத முடியாது. வேறுபடுகிறார்கள் என்று எழுதலாம். அந்த 'ஆல்' என்ற வேற்றுமை உருபுக்கு அனோவா பொறுப்பேற்காது. மனச்சோர்வு வந்ததால் மற்றவர்களிடமிருந்து விலகித் தனியாகப் போனவர்களும் உண்டு.

வயதையும் நோயையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும். எண்ணாகவே, இணை மாறியாகச் சேர்த்தால் அன்கோவா. 'நோய் உள்ளவர், இல்லாதவர்' என்பது மாதிரி இன்னொரு குழுப் பிரிவாகச் சேர்த்தால் இருவழி அனோவா. இதுவரை பார்த்தது ஒருவழி. இருவழியில் எனக்குப் பிடித்தது இடைவினை, அதாவது ஒன்றின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவது. மறுபடியும் நானே போட்ட எண்கள்: துணையோடு இருப்பவர்களில் நாள்பட்ட நோய் இல்லாதவர்களின் சராசரி 3, இருப்பவர்களின் சராசரி 4. தனியாக இருப்பவர்களில் நோய் இல்லாதவர்கள் 4, இருப்பவர்கள் 9. தனிமை மட்டும் ஒரு மதிப்பெண், நோய் மட்டும் ஒரு மதிப்பெண், இரண்டும் சேர்ந்தால் ஆறு. ஒருவழி அனோவா இதைப் பார்க்கவே முடியாது. 'தனியாக வாழ்பவர்களுக்குச் சோர்வு அதிகம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு, உதவி தேவைப்படாதவரையும் அவசரமாகத் தேவைப்படுபவரையும் ஒரே கூடையில் போட்டுவிடும். அந்த வேறுபாடு எல்லாம் எங்கே போகும்? இரண்டாவது வரிசைக்குத்தான். நாம் கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாம் அங்கே போய்த்தான் சேர்கின்றன. புதிதாக ஒரு நல்ல கேள்வியைச் சேர்க்கும்போது அந்த எண் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் தனி.

ஒருவர் பதில் இன்னொருவர் பதிலைப் பாதிக்கக் கூடாது என்பது அனோவாவின் முக்கியமான நிபந்தனை. அதற்கு எந்தச் சோதனையும் உங்களைக் காப்பாற்றாது. கணவன் மனைவி இருவரையும் ஒரே வீட்டில் கேட்டால் அது இரண்டு தனித்தனிப் பதில் இல்லை. மகனோ மருமகளோ அடுத்த அறையில் இருக்கும்போது கேட்டால் அது பெரியவரின் பதிலாக மட்டும் இருக்காது. 'நான் நிராதரவாக இருப்பதாக உணர்கிறேன்' என்று பிள்ளை காதில் விழும்படி எந்தத் தாய் சொல்வாள்? பிள்ளைகளோடு வாழும் குழுவின் சராசரி குறைவாக வந்தால், அவர்களுக்குச் சோர்வு குறைவா, சொல்லும் சுதந்திரம் குறைவா என்று ஒரு தடவையாவது யோசியுங்கள். அப்புறம், கேள்வித்தாளை வாங்கவே மாட்டேன் என்றவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மறதி நோயால் பதில் சொல்ல முடியாதவர்கள், இவர்கள் எந்த வரிசையிலுமே இல்லை.

ஒரு மாணவி வந்திருந்தாள். நல்ல உழைப்பாளி. நூற்றுக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் வீடு வீடாகப் போய்ப் பதில் வாங்கியிருந்தாள். கணக்குப் போட்டோம், வேறுபாடு எல்லையைத் தாண்டவில்லை. அவளுக்கு ஏமாற்றம். "ஒண்ணுமே வரல மேடம்" என்றாள். வா, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்று, ஒவ்வொருவரும் தன் குழுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்பதைக் கணக்கிட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினோம். மேலே ஒரு சிலர் 12, 13 மதிப்பெண்ணோடு நின்றார்கள். அதில் ஒருவர் துணையோடு வாழும் குழுவில் இருந்தார், எல்லாருக்கும் குறைவான சராசரி வந்த குழுவில்.

"இவங்களுக்கு யாராவது ஏதாவது செஞ்சாங்களா?" என்று கேட்டேன்.

அவள் அமைதியாக இருந்தாள். படிவத்தில் பெயர் வாங்கவில்லை, முகவரி வாங்கவில்லை, குறியீட்டு எண்கூட இல்லை. ரகசியம் காக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவளும் உண்மையாகக் காத்திருந்தாள். 13 மதிப்பெண் வாங்கியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. பதில் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. இந்த அளவுகோலில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி நேரடிக் கேள்வி எதுவும் இல்லை. மனச்சோர்வை அளக்கும் இன்னொரு படிவமான, ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூவின் கடைசிக் கேள்வி அதைக் கேட்கும், இது கேட்காது. ஆகவே அந்த 13க்குப் பின்னால் என்ன இருந்தது என்பதும் எங்களுக்குத் தெரியாது. அவளை நான் குறை சொல்லவில்லை. திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த யாருமே இதைக் கேட்கவில்லை. நானும் அதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை.

இப்போது யார் வந்தாலும், எத்தனை குழு, எந்தச் சோதனை என்று பேசுவதற்கு முன்பே ஒப்புதல் படிவத்தைக் காட்டச் சொல்கிறேன். மதிப்பெண் அதிகமாக வந்தால் உங்களை மறுபடியும் தொடர்புகொள்ளலாமா என்று ஒரு வரி அதில் இருக்க வேண்டும். குறியீட்டு எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் தனியாக, பூட்டிய இடத்தில், வழிகாட்டியிடம் இருக்க வேண்டும். பதினைந்து கேள்வியும் முடிந்ததும் வாசலை விட்டு இறங்குவதற்கு முன்பே கூட்டிப் பார்த்துவிட வேண்டும். அதிகமாக இருந்தால் அவரோடு கூடுதலாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இனி வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். அன்று சாயங்காலமே யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவர் பார்ப்பார் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். அந்த மருத்துவரின் எண்ணைக் கேள்வித்தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன்.